ஐப்பசியில் விதை, தையில் பழம்: தூத்துக்குடியில் தக்காளி எப்போது நட்டால் காய்க்கும்?

மழைக்காலம் வந்தாலே தக்காளி விலை பற்றிய பயமும் சேர்ந்து வந்துடும். 2021 நவம்பரில் தொடர் மழையால் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் நிறைய வீடுகளில் ஒரே முடிவுதான் எடுப்பாங்க: "இனிமே நம்ம வீட்டுத் தக்காளியை நாமளே வளர்த்துக்கலாம்."

மொட்டை மாடியில் நாலு பை வைத்து, விதை தூவி, செடியும் வந்துடும். ஆனா பூ கொட்டிப் போகும். இல்லைன்னா நல்லா நின்ன செடி ஒரே நாளில் வாடிப் போகும். இல்லைன்னா காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். "தூத்துக்குடியில தக்காளி வராதுப்பா" என்று பையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

உண்மையில் தூத்துக்குடியில் தக்காளி வரும். ஆனா வருஷத்தில் அதற்கு ஒரு சின்ன ஜன்னல்தான் திறக்கும். அந்த ஜன்னல் எப்போது திறக்கும், எப்போது மூடும், நடுவில் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் மாலத்தீவு வரைக்கும் காய்கறி அனுப்பும் ஊர் இது. ஆனா இங்கே சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருது. பாவூர்சத்திரம், ஆலங்குளம், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சரக்கு ஒரு புறம். அது குறைந்தால் ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகாவின் கோலார். அங்கெல்லாம் மழை அடித்தால் இங்கே விலை ஏறும். அதனால்தான் கடலோரத்திலேயே தக்காளி வளர்க்கத் தெரிஞ்சுக்கிறது பிரயோஜனமான விஷயம்.

தக்காளி ஏன் அடம் பிடிக்குது?

தக்காளிச் செடி வெயிலை விரும்பும். ஆனா சூடான இரவை விரும்பாது. விஷயமே இங்கேதான் இருக்கு.

பூ காயாக மாறுவதற்கு இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ரொம்ப நல்லது. இரவு 24 டிகிரிக்கு மேல் போனால் காய்ப்பிடிப்பு குறையும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் போகும். பூ பூக்கும், ஆனா காயாகாமல் காம்போடு உதிர்ந்து விழும்.

குளிர் நாடுகளில் தக்காளியைக் கோடையில் வளர்ப்பார்கள். குளிர்காலப் பனி செடியைக் கொன்றுவிடும். நமக்கு அப்படியே தலைகீழ். இங்கே பனி விழாது. கோடை இரவுதான் எதிரி. தூத்துக்குடி நகரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதாவது நம்ம ஊரின் அதிகபட்சக் குளிரே தக்காளி கேட்கும் அளவின் விளிம்பில்தான் இருக்கு. அந்த ரெண்டு மாசத்தைத் தவற விட்டால் பூவெல்லாம் வீண்தான்.

எனவே முதல் விதி: செடி பூக்கும் காலம் மார்கழி, தை மாதங்களில் வர வேண்டும். மற்ற எல்லாத் தேதிகளையும் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

சரி, எப்போது விதைக்கணும்?

தக்காளியின் கால அட்டவணை தோராயமாக இப்படி:

- விதைத்ததிலிருந்து நாற்றுப் பிடுங்கும் வரை: 25 முதல் 30 நாள்
- நட்டதிலிருந்து பூக்கும் வரை: சுமார் 30 நாள்
- பூவிலிருந்து பழம் வரை: 40 முதல் 50 நாள்

இதை வைத்துப் பார்த்தால்:

ஆகஸ்ட்டில் விதைத்தால் அக்டோபரில் பூக்கும். அப்போது வெயிலும் குறைஞ்சிருக்காது, மழையும் ஆரம்பித்திருக்கும். பூ கொட்டும்.

அக்டோபர் நடுவில் விதைத்தால் நவம்பர் நடுவில் நடலாம். டிசம்பர் நடுவில் பூக்கும். ஜனவரி கடைசியில் முதல் பழம் பறிக்கலாம்.

நவம்பர் முதல் வாரத்தில் விதைத்தால் டிசம்பர் முதல் வாரத்தில் நடலாம். ஜனவரி தொடக்கத்தில் பூக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து பழம்.

ஜனவரியில் விதைத்தால் மார்ச்சில் பூக்கும். வெயில் ஏறிவிடும். கூடவே வெள்ளை ஈயும், இலைச்சுருட்டு வைரஸும் பெருகும் காலம் அது.

ஆக, ஜன்னல் அக்டோபர் நடுவில் திறந்து நவம்பர் முதல் பாதியோடு மூடிடுது. தமிழ் மாதத்தில் சொன்னால், ஐப்பசியில் விதை, தையில் பழம்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கு. நவம்பரில் விலை ஏறுவதைப் பார்த்து விதைத்தால், உங்கள் பழம் பிப்ரவரியில் வரும். அப்போது சந்தையிலும் தக்காளி மலிந்துவிடும். நவம்பர் விலைக்கு நவம்பரில் விதைப்பது மருந்தாகாது. தை, மாசியில் கிடைக்கும் பழத்தை நறுக்கி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வற்றலாக எடுத்து வைத்தால், அடுத்த மழைக்காலத்தில் ஓரளவு கை கொடுக்கும். உப்புக்கும் வெயிலுக்கும் இந்த ஊரில் பஞ்சமே இல்லையே!

ஆனா அது மழைக்காலமாச்சே?

சரியான கேள்வி. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்குது. நாம் நாற்று விடும் அதே நேரம்.

தக்காளி வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீர் ஒன்றிரண்டு நாள் தேங்கினாலே வேர் மூச்சுத் திணறும். இலை மஞ்சளாகும், செடி தொங்கும். தண்ணீரில் நிற்கும் செடி தண்ணீர் இல்லாத செடி மாதிரியே வாடும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிஞ்சது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம் அது. அந்த மாதிரி வெள்ளத்தை எந்தத் தோட்டமும் தாங்காது. ஆனா சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிவர வழி இருக்கு.

1. நாற்றைக் கூரைக்குக் கீழே விடுங்க. குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை. மழை நேரடியாக விழாத, ஆனா வெளிச்சம் நல்லா வரும் இடம் வேண்டும். திறந்தவெளிப் பாத்தியில் விட்டால் ஒரே மழையில் நாற்று அழுகல் நோய் வந்து தண்டு தரையோடு சாயும்.

2. ரெண்டு தவணையாக விதையுங்க. அக்டோபர் நடுவில் பாதி, நவம்பர் முதல் வாரத்தில் மீதி. முதல் தவணையை மழை கொண்டுபோனால் ரெண்டாவது கையில் இருக்கும். விதைச் செலவு கொஞ்சம்தான். இழந்த ஒரு மாசத்தைத் திரும்ப வாங்க முடியாது.

3. உயரத்தில் நடுங்க. நிலமாக இருந்தால் ஒரு அடி வரை உயர்த்திய மேட்டுப்பாத்தி. மாடியாக இருந்தால் பையின் அடியில் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் துளை. பையைத் தரையில் ஒட்டி வைக்காமல் ரெண்டு செங்கல் மேல் வைக்க வேண்டும்.

4. கொம்பு நடுங்க. இலை மண்ணில் படக்கூடாது. மழைத்துளி மண்ணை இலையில் தெறிக்க வைக்கும்போதுதான் இலைக்கருகல் நோய் ஏறுது. அடியில் வைக்கோலோ காய்ந்த சருகோ போட்டால் தெறிப்பு குறையும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி: உப்பு

தூத்துக்குடியில் தக்காளி தோற்பதற்கு வெயில், மழைக்கு அடுத்த காரணம் தண்ணீர். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளையும் கடற்கரை இது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருப்பது யாருக்கும் புதுசு இல்லை.

தக்காளி ஓரளவு உப்பைத் தாங்கும். எவ்வளவு? பாசன நீரின் உப்பை, மின் கடத்துத்திறன் அதாவது 'இ.சி.' என்ற அளவில் சொல்வார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிட்ட அட்டவணைப்படி:

- இ.சி. 1.7 வரை: விளைச்சல் பாதிக்காது
- இ.சி. 3.4: விளைச்சலில் கால்வாசி போகும்
- இ.சி. 5: பாதி போகும்

வீட்டில் குடிநீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால், இந்த மூன்றும் தோராயமாக 1,000, 2,000, 3,000 என்ற எண்களை ஒட்டி வரும். மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் மாறும். ஆனா உங்க தண்ணீர் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுக்க இது போதும்.

அதனால்தான் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைத் தக்காளிக்கு ஊற்றவே கூடாது. "தண்ணி வீணாகுதே" என்று செய்யும் இந்த நல்ல காரியம்தான் பல மாடித் தோட்டங்களைக் கெடுக்குது. உப்பு தண்ணீரோடு ஆவியாகிப் போகாது. பையிலேயே தங்கி, நாளுக்கு நாள் ஏறும். பையின் விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான் அறிகுறி.

இங்கேதான் மழை நமக்கு நண்பனாக மாறுது. மழைத்தண்ணீரில் உப்பு கிடையாது. ஐப்பசி மழை மண்ணில் ஒரு வருஷமாகச் சேர்ந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். எனவே பையில் மண் நிரப்பும் வேலையை நாற்றுத் தயாராவதற்கு முன்பே முடித்து, காலிப் பையை ரெண்டு, மூணு நல்ல மழையில் நனையவிட்டு, அதன்பிறகு நடுங்க. நாற்று மட்டும் கூரைக்குக் கீழே, மண் வெளியே மழையில். இந்த ஒரு மாற்றமே பாதி வெற்றி.

அதோடு மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால், ஜனவரியில் கிணற்றுத் தண்ணீரோடு பாதிப் பாதி கலந்து ஊற்றலாம். உப்பின் அளவும் பாதியாகும்.

உங்க மண் எது?

ஒரே மாவட்டத்தில் மூணு, நாலு விதமான மண் இருப்பதால் ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல்: ஈரத்தை நல்லா பிடிச்சு வைக்கும். மழைக்குப் பின் தண்ணீர் குறைவாகவே போதும். ஆனா மழை நாளில் சேறாகித் தண்ணீர் தேங்கும். டிசம்பர் முதல் வார நடவும், மேட்டுப்பாத்தியும் இங்கே கட்டாயம்.

சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரி செம்மணல்: தண்ணீர் தேங்கவே தேங்காது, அதனால் நவம்பரிலேயே நடலாம். ஆனா ஊற்றிய தண்ணீரும் உரமும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். தொழு உரம் தாராளமாகவும், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடியும் தேவை. சொட்டுநீர்ப் பாசனம் நல்ல தீர்வு. சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் இருக்கு.

ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கத்துத் தாமிரபரணி வண்டல்: நெல், வாழை, வெற்றிலை விளையும் வளமான மண். சத்துக்குக் குறைவில்லை, வடிகால்தான் கவனிக்க வேண்டியது.

நகரம், கடலோரம்: பையிலோ தொட்டியிலோ வளர்ப்பதுதான் பாதுகாப்பு. கடற்காற்று உப்பும் சேர்த்துக் கொண்டுவரும் என்பதால், வீட்டின் கடல் பார்க்காத பக்கம் வைப்பது நல்லது.

மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தை அணுகலாம். ஆலோசனைக்கு வாகைகுளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும், கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண் கல்லூரியும் இருக்கு.

எந்த ரகம்?

பி.கே.எம்-1: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. வறட்சியான இடங்களுக்கும் ஏற்றது. ஹைபிரிட் இல்லை என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷமும் போடலாம்.

அர்கா ரக்ஷக்: பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைபிரிட். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூணுக்கும் எதிர்ப்புத் திறன் கொண்டது. விதையை ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும்.

செர்ரி தக்காளி: சின்னப் பழ ரகங்கள் சூட்டிலும் ஓரளவு காய்ப்பிடிக்கும். மாடிக்கு முதல் முறை முயற்சி செய்பவர்களுக்கு நம்பிக்கை தரும்.

மழையில் வேர் அழுகுவதற்கு இன்னொரு தீர்வும் உண்டு: ஒட்டுக்கட்டுதல். கத்தரியின் வேர் வெள்ளத்தையும் வாடல் நோயையும் தக்காளி வேரைவிட நல்லா தாங்கும். அதனால் கத்தரி நாற்றின் மேல் தக்காளி நாற்றை ஒட்டி நடும் முறையை, தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வெப்பமும் மழையும் உள்ள பகுதிகளுக்குப் பரிந்துரைக்குது. ஒட்டு நாற்று நட்டால், ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைத்துவிட்டால் தக்காளி தண்டு தனி வேர் விட்டு, பலன் போய்விடும்.

பூ வந்தாச்சு, அடுத்து?

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனா அந்த மகரந்தம் உதிர ஒரு அசைவு வேண்டும். காற்றும், சில வகைத் தேனீக்களின் அதிர்வும் அதைச் செய்யும். மழை நாளில் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். எனவே வெயில் வந்த காலையில், பனி ஈரம் காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டிவிடுங்க. பத்து செடிக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

மார்ச் தொடங்கி வெயில் ஏறினால் பழம் சிவக்காமல் ஆரஞ்சாகவே நிற்கும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாததுதான் காரணம். லேசாக நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் வைத்தால் நல்ல சிவப்பாகப் பழுக்கும்.

என்ன ஆச்சு என் செடிக்கு? ஒரு நிமிஷச் சோதனை

பூ உதிருது: இரவுச் சூடு, அல்லது தழைச்சத்து உரம் அதிகம். உரத்தை நிறுத்துங்க.

காயின் அடிப்பகுதி கறுப்பு: இது பூச்சியும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. உடனே சிப்பித் தூளோ முட்டை ஓடோ போடுவதால் மாறாது. மண்ணில் சத்து இருந்தாலும் அதைத் தண்ணீர்தான் காய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல் என்று இல்லாமல் தினமும் ஒரே அளவு தண்ணீர் கொடுங்க. உப்புத் தண்ணீரைக் குறையுங்க.

பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடுது: வாடிய செடியின் தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்க. கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்க. அந்த இடத்தில் கத்தரி, மிளகாயும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாகுது: வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்க. மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடலாம், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

பழம் வெடிக்குது: காய்ந்து கிடந்த மண்ணில் திடீர் மழை அல்லது திடீர்ப் பாசனம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

வீட்டுக்கு நாலு செடி வைப்பவருக்கு நஷ்டம் பெரிசா இல்லை. ஏக்கர் கணக்கில் போடுபவருக்கு நிலைமை வேற. பிப்ரவரி, மார்ச்சில் எல்லா ஊர்த் தக்காளியும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால், பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டும் காட்சியைப் பல வருஷம் பார்த்திருக்கிறோம். எனவே முழு நிலத்தையும் ஒரே நாளில் நடாமல், மூணு வார இடைவெளியில் பிரித்து நடுவது நல்லது. பிணைப்பயிராக 15 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி போட்டால் காய்ப்புழு அதில் முட்டையிடும், பூவும் விற்பனையாகும்.

சுருக்கமாக

- அக்டோபர் நடுவில் பாதி, நவம்பர் முதல் வாரம் மீதி விதை
- நாற்று கூரைக்குக் கீழே, காலிப் பை மழையில்
- மேட்டில் அல்லது செங்கல் மேல் நடவு
- ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்
- மார்கழிக் காலையில் பூக்காம்பைத் தட்டுங்க
- தை நடுவிலிருந்து அறுவடை, மிஞ்சினால் வற்றல்

போன வருஷம் செடி காய்க்கலையா? பையைத் தூக்கிப் போடாதீங்க. அதே பை, அதே மண், அதே மாடி போதும். மாற்ற வேண்டியது விதைக்கும் தேதியும், ஊற்றும் தண்ணீரும்தான்.